ஏழாம் நம்பர் ரூமில் கிளி

அடுத்த வருடத்துப் பண்டிகைகளுக்குப் பிழை திருத்துவது என் வேலை. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் இருக்கிறேன். அடுத்த வருடத்துத் தீபாவளியை இந்த ஆடியிலேயே மூன்று தடவை பார்த்துவிடுவதால், எந்தப் பண்டிகைக்கும் எனக்கு அவசரம் கிடையாது. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன்.

சென்னையில் ஒரு பதிப்பாசிரியர், பழைய ராஜா ராணிக் கதை ஒன்றை எடுத்து எங்கள் ஊரில் நடப்பதுபோல எழுதித் தரச் சொன்னார். "களம்தான் சார் முக்கியம்" என்றார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ராட்சசன் கதை. அவன் உயிர் அவன் உடம்பில் இருக்காது. ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கூண்டுக்கிளியிடம் இருக்கும். இளவரசன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகினால் இங்கே ராட்சசன் விழுவான், சிறையிருந்த இளவரசி வீடு திரும்புவாள்.

களம் தேடி ஒரு வாரம் அலைந்தேன். அலைந்தேன் என்றால், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். விருதுநகர் மிளகாய் வத்தல் குடோனில் வைத்துப் பார்த்தேன். ராட்சசன் தும்மிக்கொண்டே இருந்தான். ஆமத்தூர்க் கண்மாயில் வைத்தேன். ஏழு கடலுக்கு அதில் தண்ணீர் போதவில்லை. தாயில்பட்டிப் பக்கம் போனபோது ஒரு பயராபீஸ் கண்ணில் பட்டது. பட்டாசுக் கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பொட்டல் காட்டில் தள்ளித் தள்ளிச் சின்ன ரூம்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். ஏழு கடலை ஏழு ரூம் ஆக்கினேன். கிளி ஏழாம் நம்பரில். கிளி செத்ததும் ரூம் வெடித்து, வானம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகப் பூக்கிறது. ஆசிரியரிடம் போனில் சொன்னேன். "இதுதான் சார் களம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கச்சி வீட்டில் போய் வாசித்தேன். அவளும் ஒரு பயராபீஸில்தான் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட, நான் கதை சொல்லுவேன், அவள் 'ம்' கொட்டுவாள். 'ம்' நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்; நானும் நிறுத்திவிடுவேன். இன்றைக்கும் அதே ஏற்பாடுதான். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இளவரசன் கேட்டுக்குள் நுழைந்தான்.

"வாள எங்கன வச்சிருக்கான்?"

"இடுப்புல."

"இரும்ப உள்ள விட மாட்டாக. எங்க கொண்டை ஊசியவே களத்தி வாங்கிருவாக."

வாளை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். நாலு தோழர்களோடு இளவரசன் ரூமுக்குள் போனான்.

"ஆக அஞ்சு பேரா? ஒரு ரூமுக்கு நாலு பேருதான் அண்ணே."

ஒரு தோழனை வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். செருப்பையும் கழற்றச் சொன்னாள். கடைசியில் என் இளவரசன் வெறுங்கையும் வெறுங்காலுமாக, லோடு ஏற்ற வந்தவனைப்போல ஏழாம் நம்பரில் நுழைந்தான். "ம்" என்றாள். கிளியைப் பிடித்தான். "ம்." கழுத்தைத் திருகினான். ரூம் வெடித்தது, வானம் பூத்தது.

'ம்' வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தூங்கவில்லை. பாதி நறுக்கிய கத்தரிக்காய் கையில் இருந்தது.

"நான் எந்த ரூம்ல உக்காந்து வேலை பாக்கேன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. அடுத்த வருடத்து ஏகாதசிகள் அத்தனையும் எனக்குத் தெரியும்.

"ஏளுதான். உள்ள இருந்த பொம்பளைக என்ன ஆனாக?"

"யாரு?"

"ரூம் வெடிச்சுச்சே. அங்கன வேலை பாத்தவுக. அவுகளப் பத்தி ஒரு வரி கூட இல்லையே."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் நான் முதலில் அவளுக்குத்தான் போன் போடுவேன். போனை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் சாயங்காலம் வரை எடுக்க மாட்டாள். அதுவரை நான் பிழை திருத்தும் பக்கங்களை மறுநாள் இன்னொரு தடவை திருத்த வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதி, அவளிடமே வாசித்தும் காட்டினேன்.

கதையைக் கடலுக்கே கொண்டுபோய்விடுகிறேன் என்றேன்.

"எதுக்கு? இங்கனயே நடக்கட்டும். அன்னைக்கு மட்டும் மழை பெய்ய வைங்க. மழைன்னா கம்பெனி லீவு, ரூம்ல ஆள் இருக்காது. பெறகு எம்புட்டு வேணும்னாலும் வெடிக்கட்டும்."

மழை பெய்ய வைத்து அனுப்பினேன். ஆசிரியர் கூப்பிட்டார். கிளிக்குள் ராட்சசன் உயிர் இருந்ததில் அவருக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. மழையில் பட்டாசு எப்படி வெடிக்கும், களம் நம்பும்படி இல்லையே என்றார். தங்கச்சியிடம் கேட்டேன். "ஈரம் பட்டா சில மருந்து தானாச் சூடாகி வெடிச்சிரும். அவரு இங்கன வந்து பாத்திருக்காராக்கும்?" என்றாள். அப்படியே அவரிடம் சொன்னேன். "பயமா இருக்கு சார்" என்றார். எனக்கும்தான் என்றேன்.

அடுத்த ஞாயிறு திருத்தியதை வாசித்தேன். மழை பெய்தது, "ம்". ரூம் வெடித்தது, "ம்". ஏழாம் நம்பர்ப் பெண்கள் நாலு பேரும் அவரவர் வீட்டு வாசலில் நனைந்துகொண்டே வானத்தைப் பார்த்தார்கள். "ம்" என்றாள்.

இரவு அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அவளை ஏற்றிப்போகக் கம்பெனி வேன் வந்தபோது நானும் பஸ்ஸுக்காக அவளோடு நின்றிருந்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.