மூலை மரத்துக்கு ஒரு பில்லை

மாவிலை ஒன்றைக் கசக்கி மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார் பரக்கத்துல்லா. அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது. பேசினால் வாசனை கலைந்துவிடுமாம். கண்ணைத் திறந்தால் தீர்ப்புதான். "இது ருமானிதான். சந்தேகமே வாணாம்."

குவைத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவருக்கு, கம்மாபுரம் பக்கம் அத்தா வைத்துவிட்டுப் போன மாந்தோப்புதான் இப்போது உத்தியோகம். பட்டையைத் தட்டுவார், காம்பை ஒடித்துப் பால் பார்ப்பார், இலையை மென்றும் பார்ப்பார். எந்த ரகம் என்று பேர் முடிவானதும் விருத்தாசலத்தில் பொம்மைச் சூளை வைத்திருக்கும் சிநேகிதர் விருத்தகிரியிடம் ஓடுவார். வெள்ளைப் பீங்கான் பில்லையில் நீல எழுத்து. சூளையில் வெந்து வந்தால் எந்த மழைக்கும் அழியாது; கம்பி கோத்து மரத்தில் கட்டிவிடுவார். "மனுசனுக்கு ஆதாரு மாதிரி மரத்துக்கு இது" என்பார். மனைவி ஜைத்தூன் பீவி விடமாட்டார். "மரத்து பேரெல்லாம் தெரியுது, பேரப்புள்ள பேருதான் மறந்து பூடுது!"

மூலை மரம் ஒன்றுதான் வம்பு. அது காய்த்து வருடக்கணக்காகிவிட்டது. தம்பி ஃபாயிஸுக்கு அந்த இடத்தில் மோட்டார் கொட்டகை போட வேண்டும். "காட்டு மாங்காண்ணே, வெறும் புளிப்பு. வெட்டிடலாம்." மரத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் பரக்கத்துல்லா அரைகுறையாக முகர்ந்துவிட்டு, 'செந்தூரா' என்று பில்லையே சுட்டுக் கட்டிவிட்டார். இந்த வருடம் பார்த்து மரம் ஒரு கொத்து காய்த்துத் தொலைத்தது. பழம் இனித்தால் மரம், புளித்தால் கொட்டகை என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள்.

காய்களை வைக்கோலில் பொதித்துவிட்டு, செந்தூரா ஆச்சே, சிவக்கும் சிவக்கும் என்று காத்திருந்தார் பரக்கத்துல்லா. காய் பச்சையாகவே கிடந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஜைத்தூன் பீவிதான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "நெறத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்களே, வூடே மணக்குது! உங்க மூக்கு எங்க போச்சு?"

மரத்தடியிலேயே அறுத்துப் பங்கு வைத்தார்கள். ஃபாயிஸ் ஒரு துண்டு தின்றார். பிறகு கொட்டையையும் வாங்கிச் சூப்பினார்.

"இது செந்தூரா இல்லண்ணே."

"இல்லதான்."

"அப்ப என்னா?"

"தெரியலடா."

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து தோப்பு கேட்டதே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கொட்டாய அந்தாண்ட போட்டுக்கலாம்ணே" என்றார் ஃபாயிஸ், விரலை நக்கியபடி.

பரக்கத்துல்லா பில்லையை அவிழ்த்து, எழுத்தில்லாத பக்கம் வெளியே தெரியும்படி திருப்பினார். முன்பு போல இறுக்கிக் கட்டவில்லை. மரம் பருக்க இடம் இருக்கட்டும் என்று, ஒரு கை நுழைகிற அளவுக்குக் கம்பியைத் தளர்த்தி முறுக்கினார்.