அண்ணத்தில் ஓர் ஆமென்

சித்தி கட்டிய பல் செட்டைப் போட்டுக் கடித்தால் கருங்கல்லும் "ஐயோ" என்று அலறும். அவளிடம் பல் கட்டிய பெரியவர் ஒருவர் செத்துப் பதினாறு வருடமாகிறது. ஆள் மண்ணோடு மண்ணாகிவிட்டார், பல் மட்டும் உள்ளே கிடந்து இன்னும் சிரிக்கிறது என்று குழி வெட்டுகிறவனே சத்தியம் செய்கிறான். தந்தம் உடைந்த யானைகூட இவளிடம்தான் வந்திருக்கும், பட்டறை வாசல் சின்னது என்பதால் கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டது. உலகம் தோன்றிய நாளிலிருந்து இப்படி ஒரு பல் கட்டுகிறவள் பிறந்ததில்லை. இன்னொருத்தியைப் படைக்கக் கடவுளுக்கும் தெம்பில்லை.

இதில் முக்கால்வாசி புளுகு. ஆனால் பத்தொன்பது வருடத்தில் அவள் கட்டிய ஒரு செட்கூட "வாயில் நிற்கவில்லை" என்று திரும்பி வந்ததில்லை என்பது மட்டும் சுத்தமான உண்மை. வினையே அதில்தான் வந்தது.

பெரிய தெருவுக்கு இந்தப் பக்கம் கத்தோலிக்கர், அந்தப் பக்கம் புராட்டஸ்டண்டுகள். இவர்களுக்குக் கோவில், அவர்களுக்குச் சபை. இரண்டு கட்டடமும் பேச்சு முறிந்த சம்பந்திகள் மாதிரி எதிரெதிரே முறைத்துக்கொண்டு நிற்கும். இந்தப் பக்கத்துக்கு ஒரு முடிதிருத்துகிறவர், அந்தப் பக்கத்துக்கு வேறொருவர். பால்காரரும் அப்படித்தான், தையல்காரரும் அப்படித்தான். பொய்ப்பல் மட்டும் பொது. சித்தியை விட்டால் ஆளில்லை.

சித்தி கோவில்காரி. ஆனால் அவள் பட்டறை மேசையில் இரண்டு பக்கத்து வாய்களும் வெள்ளை மாவில் வார்த்த அச்சுகளாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். அங்கே மட்டும்தான் அவை சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

இரண்டு பக்கத்துக்கும் ஜெபம் ஒன்றுதான், இயேசு சொல்லிக்கொடுத்தது. 'தீமையிலிருந்து எங்களைக் காப்பாற்றும்' என்று கேட்டதும் கோவில்காரர்கள் ஆமென் போட்டு முடித்துவிடுவார்கள். சபைக்காரர்களுக்கு அது போதாது. ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் உம்முடையதே என்று இன்னொரு வரியைக் கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் ஆமென் சொல்வார்கள். கோவில் பக்கத்துப் பிள்ளைகள் அந்த வரிக்கு 'வால்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த வாலில்தான் சித்தி இடறி விழுந்தாள்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா படுத்த படுக்கை, வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் புகையும். சபைப் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலை இருந்தது. அங்கே சபை ஆட்களுக்கு மட்டுமே வேலை. சித்தி கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள். சபைப் பாட்டு நாலை மனப்பாடம் செய்தாள். வாய் கூசாமல் வேறு தெரு விலாசத்தைச் சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அங்கே தினமும் காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று ஜெபம் சொல்ல வேண்டும். பத்து நாள் வாலோடு ஒழுங்காகச் சொன்னாள். பதினோராம் நாள், அப்பாவின் மூச்சிரைப்பால் கண் மூடாமல் வந்து நின்றவள், பழக்க தோஷத்தில் கோவில்காரர்கள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, "ஆமென்" என்று தனி ஆளாகக் கணீரென்று சொல்லிவிட்டாள். போதாக்குறைக்குக் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது.

மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அவர் குரலுக்கு ஊர் வைத்த பெயர் 'இடி'.

"பொண்ணு பாதி வழியில இறங்கிட்டாளே! ஏறும்மா அந்த ஸ்டூல் மேல. மிச்சத்தையும் சொல்லு. பத்து தடவை சொன்னா உனக்கு வேலை உண்டு."

சித்தி ஏறினாள். இருநூறு முகங்கள் நிமிர்ந்து பார்த்தன. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், பிறகு கூடமே சிரித்தது. சித்தி ஸ்டூலிலிருந்து இறங்கி நேரே வாசலைப் பார்த்து நடந்தாள். அந்த மாதமே அப்பா போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு அவள் ஒரு பல் மருத்துவமனையில் கிண்ணம் கழுவப் போனது, மாவு கரைக்கவும் மெழுகு உருக்கவும் கற்றுக்கொண்டது, சொந்தப் பட்டறை போட்டது எல்லாம் தனிக் கதை. பாம்பு பன்னிரண்டு வருடம் வன்மம் வைத்திருக்கும் என்பார்கள். சித்தி இருபத்துமூன்று வருடம் வைத்திருந்தாள். பாம்புகள் இவளிடம் பாடம் கேட்க வரலாம்.

போன மாதம் ஒரு பெரியவர் பட்டறைக்கு வந்தார். பல் டாக்டர் அளவெடுத்து அச்சை முன்பே அனுப்பியிருந்தார். மெழுகில் அடுக்கிய பல்லைப் போட்டுப் பார்க்க வேண்டிய நாளில் டாக்டருக்குக் காய்ச்சல் என்பதால் ஆளே நேரில் வந்துவிட்டார். குழிந்த கன்னம், உள்ளே மடிந்த உதடு. சித்திக்கு அடையாளம் தெரியவில்லை.

"போட்டுக்கிட்டு ஏதாவது பேசிக் காட்டுங்க ஐயா."

"என்னத்தம்மா பேசுறது?"

"மனப்பாடமா தெரிஞ்சது எதாச்சும்."

அவர் ஜெபம் சொன்னார். பாதி வரை முணுமுணுப்பு. தீமையைத் தாண்டியதும் நிறுத்தி, நெஞ்சு விம்ம மூச்சை இழுத்து, வாலை எடுத்துவிட்டார் பாருங்கள், அலமாரியில் கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. சித்தியின் கையில் இருந்த மெழுகுக் கத்தி அப்படியே நின்றது. முகத்தை மறந்தவளுக்குக் குரல் மறக்கவில்லை.

"அந்தக் கடைசி வரி மட்டும் எதிர்ல கோவில்காரன் காதுல விழணும்மா," என்று இடி சிரித்தார். "அவங்ககிட்ட அது இல்லையே! மூணாவது ஞாயிறு எங்க புது மண்டபத் திறப்பு. நான்தான் ஜெபம் நடத்துறேன். பல் விழுந்தா மானம் போயிடும்."

"நம்ம வேலை விழாது ஐயா."

"இந்த ஒரு வரியை வச்சே ஒருத்தியைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? ஃபேக்டரியில. நம்ம ஆள் மாதிரி நடிச்சுக்கிட்டு இருந்தா. ஒரே ஒரு ஆமென், மாட்டிக்கிட்டா!" தொடையில் தட்டிக்கொண்டார். "ஸ்டூல்ல ஏத்தி விட்டேன். திருதிருன்னு முழிச்சா பாரு."

"அவ முகம் ஞாபகம் இருக்கா?"

"முகம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? நீங்க எந்தப் பக்கம்?"

"நான் பல் கட்டுற பக்கம்," என்றாள் சித்தி.

அன்று அவள் சாப்பிடவில்லை. அக்கா தட்டோடு வந்தபோது மேல் செட்டின் பின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். மேல் செட் வாயில் நிற்பது பசையால் அல்ல. பின் விளிம்பு மேல்வாய் அண்ணத்தில் கப்பென்று பொருந்தி, காற்றுப் புகாமல் கவ்விக்கொள்வதால் நிற்கிறது. அங்கே கொஞ்சம் தேய்த்துவிட்டால் மெதுவாகப் பேசும்வரை ஒன்றும் ஆகாது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வாயை 'ஆ'வென்று திறந்தால் பல் ஆளை விட்டுப் போய்விடும்.

"வால் வரும்போது விழும்க்கா. கணக்கா அந்த இடத்துல. இருநூறு பேர் முன்னால அவன் வாய் திறக்கணும், சத்தம் வரக்கூடாது."

"விழட்டும். அப்புறம் யார் கட்டின பல்லுன்னு ஊர் கேக்கும். உன் பேரைத்தானே சொல்லுவான்?" என்றாள் அக்கா.

சித்தி அரத்தை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். மூன்று நாள் இந்தக் கூத்து. நாலாம் நாள் அரத்தை டப்பாவில் போட்டு மூடினாள். "அவன் விழட்டும்க்கா, நூறு தடவை விழட்டும். என் வேலை விழக்கூடாது."

ஆனால் சும்மா விட்டுவிட அவள் என்ன சாமியாரிணியா? அவள் கட்டும் ஒவ்வொரு செட்டிலும், அண்ணத்தை மூடும் பகுதியில் ஒரு துண்டுத் தாளைப் பதித்து, மேலே கண்ணாடி போலப் பூசிவிடுவாள். தாளில் ஆளின் எண் இருக்கும். ஒரு காலத்தில் மாமியார் செட்டும் மருமகள் செட்டும் தம்ளர் மாறி, மூன்று வாரம் இருவரும் ஒருவர் பல்லால் மற்றவரைத் திட்டிக்கொண்டிருந்த பிறகு ஏற்பட்ட வழக்கம் அது. இடியின் தாளில் சித்தி எண் எழுதவில்லை. கூரிய பேனாவால் 'ஆமென்' என்று எழுதிப் பதித்தாள்.

"எங்க வீட்டு ஆமென். சாகிற வரைக்கும் நாக்குக்கு மேல சுமக்கட்டும். அவன் வாலைக் கத்துறப்பெல்லாம் இது உள்ள உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருக்கும்."

செட்டைப் பொட்டலமாகக் கட்டி டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது, பட்டறையைப் பெருக்க வரும் அக்கா மகள்.

மூன்றாவது ஞாயிறு. சித்தி கோவில் படிக்கட்டில் நின்றாள். எதிரே புது மண்டபத்தின் ஒலிபெருக்கி, ஊருக்கே ஜெபம் ஊட்டிக்கொண்டிருந்தது. இடி வரி வரியாகச் சொல்ல, சபை கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர்ந்தது. தீமை வந்தது. அந்த மூச்சை இழுக்கும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது.

டொக்.

மைக்கில் ஏதோ பட்டது. பிறகு ஒன்றுமில்லை. இருபத்துமூன்று வருடத்துக்கு முன் ஸ்டூல் மேல் நின்றவளின் வாயிலிருந்து வந்த அதே ஒன்றுமில்லை. சபை கண்ணைத் திறக்காமல் காத்திருந்தது. சபையில் மணியடிக்கிறவர் குனிந்து எதையோ பொறுக்கித் துடைக்கும் சத்தம். அப்புறம் மைக்குக்கு மிக அருகில் அவருடைய குரல்: "என்னமோ எழுதியிருக்கே... ஆ... மென்."

"ஆமென்!" என்றது சபை முழுவதும், உட்கார்ந்தும்விட்டது.

கோவில் வாசலில் இருந்த ஒருவர் கையைத் தட்டினார். "அடேயப்பா, இன்னிக்கு வாலை நறுக்கிட்டாங்கய்யா!"

சித்தி சிரிக்கவில்லை. முகம் வெளுத்து, "என் வேலை விழாதே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை இடி வந்தார். கைக்குட்டையில் பல், முகத்தில் கொலைவெறி. "எதுக்கு இதுல ஆமென்னு எழுதினே? யார் நீ?"

சித்தி மேசைக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்தாள், ஏறி நின்றாள். விரல் விட்டு எண்ணிக்கொண்டு வாலைச் சொல்லத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் அவர் கண் இடுங்கியது. ஐந்தாவதில் கை சுவரைத் தேடியது. பத்து வரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முடித்துக் கீழே இறங்கினாள்.

"இப்ப வேலை உண்டா ஐயா?"

அவர் கைக்குட்டையை விரித்துப் பல்லை மேசைமேல் வைத்தார்.

"உட்காருங்க. உங்களை விழ வச்சதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா விழுற பல் நான் கட்டுறதில்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பார்த்தாள். ஒரு நூல் அகலம் குறைந்திருந்தது. டாக்டர் அறையில் யாராவது தேய்த்திருக்கலாம். எலி கொறித்திருக்கலாம். அவள் ஒன்றும் பேசாமல் விளிம்பைக் கூட்டிப் பூசி, காயவைத்து, மெருகேற்றிக் கொடுத்தாள்.

"அந்தத் தாளை மட்டும் எடுத்துடேம்மா," என்றார் இடி. அது இடியாகவே இல்லை.

"எடுத்தா அண்ணம் ஓட்டையாயிடும். பிடிக்கலைன்னா வேற எங்கயாச்சும் போய்க் கட்டிக்கங்க."

வேறு எங்கும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். போட்டுக்கொண்டு போனார். பல் கச்சிதமாக நின்றது.

இதுவரை நீங்கள் படித்ததை எழுதிய நோட்டை அக்கா மகள் மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். மாவு எடுக்கப் போன சித்தியிடம் அது சிக்கியது. நின்றபடியே முழுவதும் படித்தாள். முதல் பக்கத்து யானையைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"எலியா?"

"இருக்கலாம் சித்தி. பட்டறையில எலி ஜாஸ்தி."

"நான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கல. ஒரு நூல் குறைஞ்சுதுன்னு உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல. எலி வந்து உன்கிட்ட அளவு சொல்லிட்டுப் போச்சா?"

அக்கா மகள் தரையைப் பார்த்தாள். சித்தி டப்பாவைத் திறந்து அரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அரத்தின் பற்களுக்கிடையே பல் செட்டின் ரோஸ் நிறத் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கை ஓங்கியது. அக்கா மகள் கையில் வந்து விழுந்தது அடியல்ல, அரம்.

"அரை நூல் போதும்டி கழுதை. ஒரு நூல்னா முதல் வரியிலயே விழுந்து எல்லாம் கெட்டிருக்கணும், ஏதோ உன் அதிர்ஷ்டம் வால் வரைக்கும் நின்னுச்சு. உட்காரு, எப்படிப் பிடிக்கணும்னு காட்டுறேன்."