பத்து நாளும் அதே எண்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் செய்த ஆராய்ச்சியை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. வேகமாக வரும் புரோட்டான் ஒன்று ஈயத்தின் அணுக்கருவில் மோதினால் உள்ளேயிருந்து எத்தனை நியூட்ரான் சிதறும்? அதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. அது தெரிந்தால்தான், அப்படி மோதவிடும் எந்திரத்தைச் சுற்றி எவ்வளவு தடிமனாகச் சுவர் எழுப்பினால் பக்கத்தில் நிற்கிறவன் பிழைப்பான் என்று சொல்ல முடியும்.

எங்கே மோதும், எந்தப் பக்கம் சிதறும் என்பதெல்லாம் தற்செயல். கம்ப்யூட்டருக்குத் தற்செயல் தெரியாது. தொடக்க எண் ஒன்று கொடுத்தால், அதிலிருந்து தாறுமாறான எண்களை உண்டாக்கிக்கொண்டே போகும். நான் மேலூரிலிருந்து வரும் பஸ் டிக்கெட்டின் எண்ணைக் கொடுப்பேன். தினம் ஒரு டிக்கெட், தினம் ஒரு எண். விடை கொஞ்சம் முன்னே பின்னே வரவேண்டும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் விடையை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வோம்.

கம்ப்யூட்டர் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கட்டடத்தில் இருந்தது. கண்ணாடிக்கு வெளியே யானைமலை வெயிலில் காயும். உள்ளே பல் கிட்டும் குளிர். என் புரோகிராம் அங்கேயே டேப்பில் கிடந்தது. தினமும் நான் தரும் எண்ணை மட்டும் ஓர் அக்கா அட்டையில் துளையிட்டு உள்ளே அனுப்புவார். மறுநாள் விடை அச்சாகி வரும்.

முதல் நாள் ஒரு புரோட்டானுக்குச் சராசரியாக 11.472 நியூட்ரான். இரண்டாம் நாளும் 11.472. மூன்றாம் நாளும் அதே எண். ஒவ்வொரு புரோட்டானும் போன வழியை அச்சிடச் சொன்னேன். நாற்பதாவது புரோட்டான் எல்லா நாளும் அதே இடத்தில் மோதி, அதே பக்கம் நாலு நியூட்ரானை உதிர்த்தது. வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். 11.472. நான் எதில் ஏறுவேன் என்று யாரோ முன்பே முடிவு செய்து வைத்ததுபோல இருந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கும் சத்தமே பிடிக்காமல் போனது.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் பத்து நாள் தாள்களையும் மேசையில் பரப்பினார்.

"ஏம்ப்பா, ஒரு நாள் ஓட்டிட்டு மிச்சத்தக் காப்பியடிச்சியா? திங்கக்கெழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லாட்டி வேற எடம் பாத்துக்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று பயம்தான் வந்தது.

மறுநாள் உள்ளே போகவிருந்த அட்டையை அக்காவிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்றல்ல, இரண்டு இருந்தன. என் எண்ணுக்கு மேலே துளையே இல்லாத ஓர் அட்டை. மூலையில் துளி மஞ்சள்.

"இது என்னக்கா?"

"பிள்ளையாரு தம்பி. எதையும் அவர வச்சுத்தான தொடங்கணும்? தொளை போட்டா மெசினு படிச்சிரும்னு சும்மா வச்சேன். நீங்க வேற எந்நேரமும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரீங்க. ஒங்களுக்கு மட்டுந்தான் வைக்கிறேன்."

அடக் கடவுளே! வெற்று அட்டையைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று படிக்கும். ஒரே ஓர் அட்டையைப் படி என்றுதான் நான் எழுதியிருந்தேன். தினமும் பூஜ்யத்தில் தொடங்கி அதே எண்களையே உண்டாக்கியிருக்கிறது; என் டிக்கெட்டுகளை அது பார்த்ததே இல்லை. படித்தது எந்த எண் என்று அச்சிடச் சொல்ல எனக்கும் துப்பில்லை.

காரணத்தைச் சொன்னதும் பேராசிரியர் நேரில் வந்து, வெற்று அட்டைக்குக் கீழே தன் எண்ணை வைத்து ஓட்டச் சொன்னார். 11.472. அவர் முகமும் ஒரு கணம் வெளுத்தது.

"யாரு வச்சது?"

அக்கா தினக்கூலி. "நாந்தான் சார்" என்றேன்.

"படிச்சவன்தானே நீ? மொதல்லருந்து ஓட்டு. இன்னொரு தடவ இப்படி வந்துச்சு, நீ வர வேண்டாம்."

அவர் போனதும் அக்கா மெல்லக் கேட்டார்: "வேல நல்லபடியா முடிஞ்சுச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சுக்கா."

"பாத்தீங்களா! அப்பக் கடைசி வரைக்கும் வச்சிர்றேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து அட்டைகளை அக்காவிடம் நானே வாங்கிக்கொண்டு போய் மெஷின் அறையில் கொடுத்தேன். நடுவில் பத்தடி தூரம். அதற்குள் பிள்ளையாரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். விடைகள் ஒழுங்காக மாறின, பட்டமும் வந்தது. உருவிய அட்டைகளைத் தூக்கிப் போடத்தான் தைரியம் வரவில்லை. மஞ்சள் மங்கி, பீரோவில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.