பாறைக்குள் தண்ணீர் அழுத்திய கோடை

மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், பழைய தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனுக்குப் பொதுவாக ஒரு போர்வெல் உண்டு. போன கோடையில் அதில் காற்றுதான் வந்தது. டேங்கர் லாரி தெருவுக்குள் நுழையும் நேரத்தில் நான் வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் இருப்பேன். எதிர் வீட்டு அக்காதான் தன் கிணற்றிலிருந்து இறைத்து என் குடங்களை நிரப்பி வைப்பார். அவர் இட்லி மாவு அரைத்து விற்பவர். அந்தக் கிணறுதான் அவர் பிழைப்பு. ஆனாலும் எனக்கு ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

லைன்காரர்கள் எங்கேயோ விசாரித்து ஒரு போர்வெல் கான்ட்ராக்டரை அழைத்து வந்தார்கள். புதிதாகப் போர் போட வேண்டியதில்லை, இருக்கிற போருக்குள்ளேயே தண்ணீரை பலமாக அழுத்தினால் பாறையில் அடைபட்ட வெடிப்புகள் திறந்துகொள்ளும், ஊற்று வந்து சேரும் என்று அவர் விளக்கினார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. எனக்கும்தான்.

அக்கா மட்டும் கேட்டார். "ஊத்து வந்து சேரும்னு சொல்றீங்க. எங்க இருந்து வரும்? என் கிணத்துல இருந்து வந்தா நான் இன்னா பண்றது?"

"உங்க கிணறு மேல்மண்ணுத் தண்ணிம்மா. நாங்க அழுத்தறது அதுக்குக் கீழ இருக்கற பாறையில. ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார் அவர்.

"கீழ பழைய சுரங்க லெவல் பாதைங்க எங்கெங்க போவுதோ யாருக்குத் தெரியும்? இருக்கற தண்ணியும் ஷாஃப்டுக் குழியில எறங்கிட்டா? தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சயனைடு மேட்டுத் தண்ணி வெடிப்பு வழியா உள்ள வந்துட்டா?"

கான்ட்ராக்டர் லைன்காரர்களைப் பார்த்தார். நான்தான் வாய் திறந்தேன். "அக்கா, டேங்கரை நம்பியே எத்தனை நாளைக்கு இருக்கறது?" அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாளும் குடங்கள் நிரம்பியிருந்தன. அக்காதான் வெளியே வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். கிரைண்டரை அணைத்துவிட்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"எங்க அப்பா கீழ சுரங்கத்துல வேலை பாத்துகினு இருந்தப்ப பாறை வெடிச்சிது. காலு போயிடுச்சி. பாறையைத் தொடறாங்கன்னாலே எனக்கு அதான் ஞாபகம் வருது" என்றார். பிறகு, "வேணாம்னு சொல்லல நானு. ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்புன்னுதான் கேக்கறேன்" என்றார்.

அந்தக் கேள்வியை நான் லைன்காரர்களிடம் கொண்டுபோனேன். பேச்சு காரசாரமாகத்தான் நடந்தது. முடிவில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போர்வெல் தண்ணீரையும் அக்காவின் கிணற்றுத் தண்ணீரையும் லேபில் கொடுத்துப் பார்ப்பது, முடிவு வரும்வரை யாரும் குடிப்பதில்லை, கிணற்று மட்டம் இறங்கினால் போரிலிருந்து முதல் பைப் அக்கா வீட்டுக்கு. கான்ட்ராக்டரும் தலையாட்டினார்.

கான்ட்ராக்டரின் பம்பு வண்டி வந்த அன்று நான் லீவு போட்டேன். மோட்டாரை மேலே தூக்கி, போருக்குள் ரப்பர் அடைப்பை இறக்கி, பம்பை ஓட்டினார்கள். காது அடைக்கும் சத்தம். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் ஏறிக்கொண்டே போய், சட்டென்று விழுந்தது. "தெறந்துகிச்சு" என்றார் கான்ட்ராக்டர். அக்கா தன் கிணற்றடியில் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"ஒண்ணும் அசையல" என்றார். என் கையைப் பிடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

போரில் தண்ணீர் முதலில் சாம்பல் நிறத்தில், துரு வாடையோடு வந்தது. சில நாட்கள் அதைச் சும்மா ஓடவிட்டோம். அதற்குள் அக்காவின் கிணறு இறங்கத் தொடங்கியிருந்தது. கயிற்றை நீட்டிக் கட்டிக்கொண்டார். டேங்கர் தண்ணீரில் மாவு அரைத்தார். வாடிக்கைக்காரர்கள் சிலர் ருசி மாறிவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பிறகு லேபிலிருந்து சொன்னார்கள்: இரண்டு தண்ணீரும் குடிக்கலாம். பேசியபடியே முதல் பைப்பை அக்கா வீட்டுக்குப் போட்டோம். திறந்துவிட்டதும் தெளிவாக வந்தது. அவர் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்து, "கொஞ்சம் உப்பு. மாவுக்கு ஆவும்" என்றார்.

மழைக்குப் பிறகு கிணறும் ஏறியது. பழைய மட்டத்துக்கு வரவில்லை, ஆனால் வற்றவும் இல்லை. இந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கு டேங்கர் வரவில்லை. அக்கா விடாமல் கேட்டதால் தண்ணீரை மறுபடியும் லேபுக்கு அனுப்பினோம். இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அடுத்த லைன்காரர்கள் அந்த வண்டியைப் பற்றி விசாரிக்க வந்தார்கள். அவர்களை உட்காரவைத்து அக்காவே பேசினார்.

"பண்ணுங்க, நல்லதுதான். ஆனா மொதல்ல தண்ணியை டெஸ்டுக்குக் குடுங்க. பக்கத்துல யார் வூட்டுல கிணறு கீதுன்னு பாத்து, அவங்களாண்ட போய்ப் பேசுங்க. அவங்க கோவமா பேசுவாங்க. கேட்டுக்குங்க."

அவர்கள் கிளம்பி, தங்கள் லைனில் கிணறு வைத்திருக்கும் கடைசி வீட்டை நோக்கி நடந்தார்கள். நானும் அக்காவும் துணைக்குப் போனோம்.