சக்கர பங்களாவைத் தள்ளிய காலை

போன மாதம் பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஹாலிஎல தாண்டி ஒரு ஏற்றத்தில் பஸ் ஊர ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தால் முன்னால் ஒரு பிக்கப். சும்மா பிக்கப் இல்லை, ஏணி வைத்து ஏறுகிற உயரத்துக்குத் தூக்கிய பிக்கப். ஒவ்வொரு டயரும் என் நெஞ்சு உயரம் இருக்கும். அதன் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போனது ஒரு வெள்ளைக் கரவன், உள்ளே படுத்து எழும்புகிற வண்டி வீடு, ஜன்னலில் திரைச்சீலை எல்லாம் போட்டு. எங்கள் பஸ் டிரைவர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கிளட்ச் கருகும் வாடை பஸ்ஸுக்குள் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை. எனக்கு அந்த வாடை பழக்கம்.

எழுபதுகளின் நடுவில், பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அந்த வாடை முதலில் என் மூக்கில் ஏறியது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்திருந்த நேரம். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார், நம் நாட்டுத் துரை வந்தார். இனி எல்லாம் மாறும் என்றார்கள். மாறியது. வெள்ளைக்காரர் பைப் குடித்தார், இவர் சிகரெட் குடித்தார்.

வெள்ளைக்காரர் போகும்போது ஷெட்டில் ஒரு கரவனை விட்டுப் போயிருந்தார். நான் அப்போது தோட்டத்து லொறியில் கிளீனர். அதைத் தூசி தட்டும் வேலை எனக்கு வந்தது. உள்ளே போய் நின்று பார்த்தேன். இரண்டு கட்டில், ஒரு மேசை, அடுப்பு, துணி மாட்ட அலுமாரி, கை கழுவத் தொட்டி. லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறை, காம்பிரா, அதில் பாதிதான் இருக்கும். ஆனால் காம்பிராவில் நாங்கள் ஒன்பது பேர், தண்ணீருக்கு வெளியே பீலிக்குப் போக வேண்டும். இங்கே இரண்டு பேர் லீவுக்குப் படுத்து எழும்ப உள்ளேயே குழாய். லயத்தில் எல்லோரும் அதைச் ‘சக்கர பங்களா’ என்றோம். பெரிய பங்களா நகராது, இது நகரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுத் துரைக்கு ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் ஒரு படம் கிடைத்தது. ஏதோ பாலைவனத்தில் உயரமான பிக்கப் ஒன்று கரவனை இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வருஷம் ஏப்ரல் விடுமுறைச் சீசனுக்கு நுவரெலியாவுக்கு அப்படித்தான் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. எங்கள் பக்கம் பாலைவனம் கிடையாது. வளைவுகள்தான் உண்டு. அதை யார் அவரிடம் சொல்வது?

பதுளையில் காசிம் பாஸின் கராஜுக்குத் தோட்டத்துப் பிக்கப்பைக் கொண்டு போனோம். நானும் போயிருந்தேன்.

“எவ்வளவு தூக்கணும் துரை?” என்று காசிம் பாஸ் கேட்டார்.

“படத்துல இருக்கிற மாதிரி.”

அதுதான் அளவு. காசிம் பாஸும் வாக்குவாதம் செய்கிற ஆள் இல்லை. ஸ்பிரிங்கில் பட்டை பட்டையாகச் சேர்த்தார். பழைய ஆர்மி லொறி ஒன்றின் டயர்களை மாட்டினார். டயர் உள்ளே போகாத இடத்தில் மட்கார்டை வெட்டினார். வெளியே வந்தபோது பிக்கப், மழைக்கு வேட்டியைத் தூக்கிக் கட்டிய ஆள் மாதிரி நின்றது. டயர் பெரிசானால் வண்டி ஓடும், இழுக்காது என்பது எனக்கும் அன்று தெரியாது. கரவனைக் கொண்டுவந்து கொளுவிப் பார்த்தபோது அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது, வால் தரையைத் தேய்த்தது. துரை சுற்றி வந்து பார்த்துவிட்டு, “குட்” என்றார்.

இனி என் அக்கா கதைக்கு வருகிறேன். இரண்டும் ஒரே கதைதான்.

இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு போட்டுக்கொண்ட காலம் அது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு இந்த நாடு விழுந்தது. புஷ்பம் அக்காவுக்கும், சின்னையா மச்சானுக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தியா விழுந்தது. பதுளைக் கடைத்தெருவில் அப்போது ரோசாப்பூப் போட்ட தகரப் பெட்டிக்குத்தான் கிராக்கி. போகிற குடும்பமெல்லாம் அதைத்தான் வாங்கும். அக்காவும் இரண்டு வாங்கினாள். புதுச்சேலை, கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல். மச்சானின் பேரைத் தோட்டத்து வேலைப் பதிவில் வெட்டியாகிவிட்டது. புறப்படுவதற்கு முதல் நாளே காம்பிராவை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். குறித்த நாளில் ரயில் ஏறினால்தான் தலைமன்னாரில் அவர்களுக்குக் கப்பல். ரயிலை விட்டால் இந்த நாட்டிலும் இடமில்லை, அந்த நாட்டுக்கும் வழியில்லை.

அந்த ரயில்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போகிறவர்களை வழியனுப்பச் சனம் திரண்டு வரும். கட்டிப்பிடித்து அழுவதற்கென்றே ஒரு மணித்தியாலம் முன்னால் ஸ்டேசனுக்குப் போவோம். அழுகையில் ரயிலின் கூவல் கேட்காது.

அன்று காலையும் அப்படித்தான் புறப்பட்டோம். பெட்டிகளோடு அக்காவும் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் லொறியின் பின்னால். முன்னால் டிரைவர் ஆறுமுகண்ணன், நடுவில் மச்சான், ஓரத்தில் நான். இரண்டு வளைவு போவதற்குள் முன்னால் சக்கர பங்களா! துரையும் அன்றைக்கே புறப்பட்டிருந்தார். வால் ரோட்டைக் கீறிக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் போகிறது.

ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். துரை வண்டி வந்தால் நாங்கள் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்போம். துரை வண்டியை எவனும் முந்த மாட்டான். அதற்குப் பின்னால் ஹார்ன் அடிக்க மாட்டான். இதை எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

“அண்ணே, ஹார்ன அடிங்கண்ணே. ரயிலு போயிரும்” என்றேன்.

“நீ அடிக்கிறியா? அடி. நாளைக்கு ஒனக்கும் எனக்கும் சேத்துப் பேரு வெட்டிருவாங்க.”

மச்சான் மெதுவாகச் சிரித்தார். “எம் பேரத்தான் வெட்டியாச்சே ஆறுமுகண்ணே. இனி என்னத்த வெட்டுவாரு?” என்று சொல்லி, எட்டி ஹார்னை அமுக்கினார். ஒரு தடவை இல்லை. வாழ்நாள் முழுக்க அமுக்காமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து அமுக்கினார்.

இதில் ஒரு பிழை நடந்தது. ஹார்ன் சத்தம் கேட்டதும் ஒதுங்குவார் என்று நினைத்தோம். துரையின் பின்னால் யாரும் ஹார்ன் அடித்ததில்லையே, கேட்டால் என்ன செய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோபத்தில் அங்கேயே, ஏற்றத்தின் நடு வளைவில், பிரேக் போட்டு இறங்கினார்.

“எவன்டா அடிச்சது?”

துரைமாருக்குத் தமிழ் தெரியும். வா, போ, தள்ளு, எவன்டா வரைக்கும் தெரியும். பதிலுக்கு நிற்காமல் துரை திரும்ப ஏறி வண்டியைக் கிளப்பினார். கிளம்பவில்லை. பெரிய டயர்கள் ஒரு அடி உருண்டு, இரண்டடி பின்னால் வந்தன. இன்ஜின் கத்தியது. அப்போதுதான் அந்த வாடை வந்தது.

“தள்ளு!” என்றார் துரை.

எல்லோரும் இறங்கினோம். இந்தியாவுக்குப் போகிற புதுச்சேலையும் புதுச்சட்டையும் சக்கர பங்களாவின் பின்சுவரில் கை வைத்தன. கரவனின் பின் ஜன்னலில் திரை விலகியது. உள்ளே பங்களா சமையல்காரர் அப்பு, மடி நிறையப் பீங்கான் கோப்பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மெதுவா தள்ளுங்கடா! கோப்ப ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?”

அக்கா மூச்சு வாங்க நிமிர்ந்தாள். “அப்பு, நீங்க எறங்குனா கொஞ்சம் லேசா இருக்குமே.”

“எறங்கச் சொல்லி துரை சொல்லலையே.”

“நல்லா இருங்க” என்றாள் அக்கா. தள்ளினாள். பிறந்ததிலிருந்து இந்தத் தோட்டத்துக்குச் செய்த வேலையில் கடைசி வேலை அது. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்போம். இது சம்பளம் போடாத பெரட்டு.

எப்படியோ மேட்டில் ஏற்றிவிட்டோம். வெள்ளைப் பெயின்ட் எல்லோர் கையிலும் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. துரை தலையை வெளியே நீட்டினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன்.

“ஆறுமுகம்! லொறி பின்னாலேயே வா. பசறை தாண்டி இன்னொரு ஏத்தம் இருக்கு.”

ஆறுமுகண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்து ஜன்னலுக்குப் போனாள். அழவில்லை.

“ஆறுமுகண்ணே, திரும்பிப் போறதுக்கு எங்களுக்குக் காம்பிரா இல்லண்ணே.”

அவர் வெற்றிலையைத் துப்பினார். “ஏறு தாயி” என்றார்.

ரோடு அகலமான முதல் இடத்தில் ஹார்ன் அடித்துக்கொண்டே முந்தினார். துரையின் வாய் திறந்திருந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்பு கோப்பைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். லொறித் தட்டில் நின்ற எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முந்துகிற அந்த நேரத்திலும், பழக்கம் விடாமல், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

பதுளை ஸ்டேசனுக்குள் ஓடும்போது கார்ட் கொடியை எடுத்துவிட்டார். பெட்டிகளை உள்ளே எறிந்தோம். பிள்ளைகளை ஜன்னல் வழியாகத் திணித்தோம். கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை, எல்லாம் தூக்குகிற வேலையாகவே போய்விட்டது. ரயில் நகர்ந்தது. அக்கா ஜன்னலில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். வெள்ளைப் பெயின்ட். ஒரு கையில் வளையல் உடைந்து கீறியிருந்தது.

“தம்பி, கை கழுவக்கூட நேரமில்லடா.”

அதுதான் அக்கா என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு.

சீசன் முடிந்து துரை வந்தார். ஆறுமுகண்ணனிடமிருந்து லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். அவர் சாகும்வரை கான் வெட்டினார். என்னைக் கரவனைக் கழுவச் சொன்னார்கள். பின்சுவரில் கைத்தடங்கள் எல்லாம் தண்ணீருக்குப் போய்விட்டன. ஒரு கோடு மட்டும் போகவில்லை. கண்ணாடி வளையல் இழுத்த கோடு.

“என்னடா அது?” என்றார் துரை.

“மரக்கொப்பு கீறியிருக்கும் துரை” என்றேன்.

துரை மாற்றலாகிப் போனார். பிக்கப்பைக் கீழே இறக்கினார்கள். ஒரு காற்று மழையில் லயத்துத் தகரம் பறந்து போனபோது, ஒரு குடும்பத்தை அந்தச் சக்கர பங்களாவில் குடிவைத்தார்கள். ஆறு பேர், அதுவும் லீவுக்கு இல்லை. பிறகு பழைய இரும்புக்காரன் வந்து வெட்டிக்கொண்டு போனான். தலைமன்னார்க் கப்பல் நின்றது. அழுகை ஏற்றிப்போன ரயில்கள் நின்றன. அக்கா சொந்த நாட்டுக்குப் போய், நீலகிரிப் பக்கம் அங்கேயும் தேயிலைக் கொழுந்துதான் எடுத்தாளாம். அங்கேயே செத்தும் போனாள். துரைக்காகக் கானுக்குள் இறங்குகிறவனும் இன்று இல்லை. எல்லாம் போய்விட்டது. லயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை யாரும் மறைந்துபோனதாக எழுதிவிட முடியாது.

ஹாலிஎல ஏற்றத்தில், பிக்கப்காரப் பையன் கடைசியில் கையை வெளியே போட்டு, போங்கள் என்று காட்டினான். எங்கள் டிரைவர் அவனைத் திட்டிக்கொண்டே முந்தினார். நான் ஜன்னலில் தலையை நீட்டி, அந்தக் கரவனின் பின்சுவரைத் திரும்பிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. ஒரு கோடுகூட இல்லை.

அது வேறு வண்டி. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பார்த்தேன்.