எழும்பூரில் பார்த்த எங்கள் புளிப்பானை

பூச்சி உருண்டை வாசனை... எழும்பூர் மியூசியம் என்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான் முதலில் வரும். அதற்குப் பிறகு கமலம் அத்தையின் முகம்.

அப்போதெல்லாம் அந்த மியூசியத்தை "செத்த காலேஜ்" என்பார்கள். மிருகக்காட்சிசாலை "உயிர் காலேஜ்". மெட்ராஸ் போகிறவர்கள் இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டார்கள். காரைக்காலை விட்டுப் பிரெஞ்சுக்காரர்கள் போய், எல்லையில் பெட்டியைத் திறந்து காட்டுகிற தொல்லையும் ஒழிந்திருந்த சமயம். செண்பகம் அக்காவின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கிற சாக்கில் காரைக்காலில் ரயில் ஏறி, பேரளத்தில் மாறி, ஒருவழியாக மெட்ராஸ் போய்ச் சேர்ந்தோம்.

அப்பா, அம்மா, அக்கா, நான். கூடவே கமலம் அத்தை. அப்பாவின் தங்கை, காரைக்கால் டவுனில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகனுக்குத்தான் அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை ரயிலில் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் அத்தை.

மியூசியத்தில் திமிங்கல எலும்பைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, அடுத்த கூடத்துக்குள் நுழைந்தோம். செக்கச் செவேலென்று பெரிய பெரிய பானைகள்.

"ஏ கமலம், இங்க பாரேன்... நம்ம புளிப்பான!"

அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். கூடமே திரும்பிப் பார்த்தது.

நம்ம புளிப்பானை என்று அம்மா சொன்னது பொய்யில்லை. அவள் கல்யாணமாகி வந்த புதிதில், திருநள்ளாறு பக்கம் எங்கள் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்தது அது. உள்ளே வெறும் மண். உடைத்துப் போடப் போன ஆட்களைத் தடுத்து, நாலு பேரை விட்டுத் தூக்கி வரச் செய்து, கழுவிக் காயவைத்தாள். அடி கூம்பு மாதிரி இருந்ததால் தரையில் நிற்காது. உள்ளறை மண்தரையில் குழி பறித்து நட்டு, உப்புப் போட்டு இடித்த புளியை அதில் அடைத்தாள். வருஷா வருஷம் அத்தைக்கும் அதிலிருந்து பங்கு போகும். காரைக்கால்மேட்டு மீனும் அந்தப் புளியும் சேர்ந்தால்... வேண்டாம், சொன்னால் இப்போதே நாக்கு ஊறும்.

அங்கே நின்ற காவல்காரர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "புளிப்பானை இல்லம்மா. அந்தக் காலத்துல செத்தவங்கள இதுக்குள்ள வச்சுப் பொதைப்பாங்க. முதுமக்கள் தாழின்னு பேரு."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

உயிர் காலேஜ் பார்க்கவில்லை. பட்டுப்புடவை எடுத்தோமே தவிர யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திரும்பி வந்த ரயிலில் அத்தை பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. காரைக்காலில் இறங்கியதும் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

"பொணம் வச்ச பானையில இத்தன வருஷம் எனக்குப் புளி குடுத்திருக்கீங்க. அத உடைச்சு ஆத்துல போடுங்கண்ணே. இல்லன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்."

அப்பா வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தார். அம்மா உள்ளறையில் பானைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, இந்த வீட்டுல எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான். இதுல யார் இருந்தாங்களோ தெரியாது. யாரோ பெத்தவங்க. ஆசையா பானை பண்ணி வழியனுப்பியிருக்காங்க. நம்ம மண்ணுல இருந்தவங்க நமக்கு ஆகாதவங்களா? அவங்க பானைய உடைச்சுட்டுத்தான் எம் பொண்ணு வாழணுமா?"

அப்பா கடப்பாரையைக் கீழே வைத்தார். ஆனால் கல்யாணம் அந்தரத்தில் நின்றது. அக்கா யாருக்கும் தெரியாமல் கிணற்றடியில் அழுததை நான் பார்த்தேன். அத்தான் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

ஒருநாள் அத்தானே சைக்கிளில் வந்து நின்றார். கல்யாணம் பேசியதிலிருந்து அவர் எதிரில் வராத அக்கா அன்றைக்கு நேராக வாசலுக்குப் போனாள்.

"அத்தான், அந்தப் பானை வரக்கூடாத வீட்டுக்கு நானும் வரல."

அத்தான் சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து வைத்தார்.

"அதுல இப்பப் புளி இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு உருண்டை குடு. கடைப்புளியில அம்மா வைக்கிற மீன்குழம்ப வாயில வைக்க முடியல."

அழுது வீங்கிய கண்ணோடு அக்கா சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்பை எந்த மியூசியத்தில் வைப்பது?

அத்தான் பிடித்த பிடியில் கல்யாணம் நடந்தது. சீர் வண்டியில் பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வைக்கோலில் சாய்த்து அந்தப் பானை. காரைக்கால் கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. அத்தை வாசலில் வழிமறித்தாள்.

"அண்ணி, கொல்லைப்பக்கமா கொண்டு போகச் சொல்லுங்க."

"சீரு வாசல் வழியாத்தான் போகும், கமலம். நவுரு."

அத்தை நகர்ந்தாள். ஒரு வருஷம் வீம்புக்குக் கடைப்புளியே கரைத்தாள். அப்புறம் ஒருநாள் மருமகளைக் கூப்பிட்டு, "அந்த எழவுப் பானையிலேருந்தே எடு" என்றாளாம்.

இன்றைக்கு அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. அன்றைக்கு அத்தையோடு சேர்ந்து உடை உடை என்று குதித்த சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது தாழி கிடைத்த இடங்களுக்கெல்லாம் கார் வைத்துக்கொண்டு போகிறார்கள். வரிசையில் நின்று செல்ஃபி எடுத்து, "எங்கள் முன்னோர்" என்று போடுகிறார்கள். போடட்டும். அந்த முன்னோருக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டை போட்டது எங்கள் வீட்டுப் பெண்கள்தான். அதையும் சேர்த்துப் போடுங்கள்.

போன மாதம் அக்காவின் பேரன், "பாட்டி, இத மியூசியத்துக்குக் குடுத்துடலாம். கண்ணாடிக்குள்ள பத்திரமா வைப்பாங்க" என்றான்.

அக்கா புளியை அடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பத்திரமா வைக்கலன்னு யார்ரா சொன்னா?"