சலூன் கண்ணாடியும் ஒரு முழ விமானமும்

சலூன்காரருக்கு ‘கிராம்’ என்று பெயர் வைத்தது தபால்காரர்தான். ஒரு நாள் முடி வெட்டி முடித்துத் துணியை உதறும்போது, “உங்க தலையிலேருந்து இன்னிக்கு எறங்கினது நாலு கிராம் இருக்கும்” என்று சலூன்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். தபால்காரர் தலையில் மொத்த இருப்பே அவ்வளவுதான். மனிதர் சும்மா இருப்பாரா? கடிதத்தோடு சேர்த்து அந்தப் பெயரையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

கிராம் கணக்குக்குக் காரணம், சலூனின் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஒரு மேசை. அதன் மேல் ஒரு பெட்டி. பெட்டிக்குள் தக்கையைவிட லேசான பால்சா மரத் தகடுகள், மெல்லிய தாள், ஒரு வரைபடம். ஒட்டி முடித்தால் ஒரு முழ நீள இறக்கையோடு சின்ன விமானம். ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் பறக்கும். ஆனால் எங்கே போகும், எந்தக் கூரையில் உட்காரும் என்பது அதன் இஷ்டம். நம் ஆளுக்கு அது பிடிக்கவில்லை. கையில் ரிமோட் வேண்டும், சொன்ன பேச்சை விமானம் கேட்க வேண்டும். வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை.

ரப்பரைத் தூக்கி எறிந்துவிட்டு மூக்கில் கட்டை விரல் நுனி அளவுக்கு ஒரு மோட்டார் வைத்தார். வயிற்றில் சின்னதாகக் கதவு வெட்டி, சாக்லேட் துண்டு மாதிரி ஒரு பேட்டரியை உள்ளே தள்ளினார். வாலில் நிமிர்ந்து நிற்கும் தகட்டைப் பாதியில் வெட்டி, இடமும் வலமும் ஆடும் சுக்கான் ஆக்கினார். படுத்திருக்கும் தகட்டை வெட்டி மேலும் கீழும் ஆட வைத்தார். எல்லாம் சேர்ந்து ஐம்பது கிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது விமானம் இல்லை, கல்.

இந்த வேலைக்குச் சலூனை விட்டால் வேறு தோதான இடம் கிடையாது. மரத்தைச் சீவ சவர பிளேடு இருந்தது. இறக்கையில் ஒட்டிய தாள் நனைந்து காய்ந்தால் மத்தளத் தோல் மாதிரி இறுகும். அதற்கு, தலையில் தண்ணீர் அடிக்கிற அதே பாட்டில். ஒரே ஒரு கஷ்டம், முடி. ஃபேன் சுற்றியதில் இடது இறக்கையின் தாளுக்கு அடியில் ஒரு நரைமுடி போய் ஒட்டிக்கொண்டது.

“அது என்னுது” என்றார் தபால்காரர், பார்த்ததுமே.

“எப்படிச் சொல்றீங்க?”

“இருக்கறதே பத்து. எனக்கு அடையாளம் தெரியாதா? விடுங்க, அதுவாவது மேல போய்ப் பாக்கட்டும்.”

எடை போடுவது மனைவியின் பொறுப்பு. பள்ளிக்கூட ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு உண்டு, மூச்சு விட்டால்கூட முள் ஆடும். சாப்பாட்டுக் கூடையில் ஒரு நாள் வால் போகும், ஒரு நாள் இறக்கை போகும். சாயங்காலம் சீட்டோடு திரும்பும். வாலுக்குச் சிவப்பு அடிக்க அவர் ஆசைப்பட்டபோது வந்த சீட்டு இது: “பெயின்ட் வேணாம். வாலு கனத்தா மூக்கு தூக்கும். உங்க மூக்கு மாதிரி.”

சிவப்பு அடிக்கவில்லை. நாற்பத்தெட்டு கிராமில் நின்றது.

இவ்வளவு பாடும் ஒரு அனுமதி அட்டைக்காக. ஊர்க் கோடி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் விமானக் கிளப் கூடும். அங்கே பறக்கவிட வேண்டுமென்றால், இரண்டு வட்டம் அடித்துச் சுண்ணாம்புக் கோட்டுக்குள் இறக்கிக் காட்ட வேண்டும். வருஷத்தில் ஒரு நாள்தான் அந்தப் பரீட்சை. சலூனுக்கோ ஞாயிறுதான் கூட்டம். இத்தனை வருஷமாகக் கத்திரிச் சத்தத்துக்கு நடுவே தூரத்து ரீங்காரத்தைக் கேட்டதோடு சரி. ரீங்காரம் வந்தால் கத்திரி ஒரு நொடி நிற்கும். நாற்காலியில் இருப்பவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கிளப்புக்குத் தலைவர் ‘கேப்டன்’. கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், கப்பலில் ஏறினால் வாந்தி எடுப்பார் என்று கேள்வி. ஆனால் தொப்பி உண்டு. பெயர் கொடுக்கப் போனபோதே அவர் சிரித்தார்.

“ரப்பர் பேண்ட் பொம்மையா? இங்க எல்லாரும் பெரிய மிஷின் வெச்சிருக்காங்கப்பா. கடையில நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாயேன்.”

“வாங்கறதுக்கு என்ன சார் இருக்கு? இது நான் செஞ்சது.”

“சரி, கொண்டா. விழுந்தா அடுத்த வருஷம்தான். அதுவும் கடையில வாங்கினதோட வரணும்.”

விழுந்தால் இந்த விமானத்துக்கு அந்த மைதானம் இனி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பறக்கவிட அவருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். கடை விடுமுறை நாட்களில், பள்ளிக்கூடத்துப் பின்புறம், ஒரு பழைய தெர்மாகோல் விமானத்தை இரண்டு வருஷம் ஓட்டிப் பழகியிருந்தார். அது செத்த பிறகுதான் இது பிறந்தது.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் ரிமோட்டை விமானத்தோடு சேர்த்தார். விமானம் கண்ணாடிக்கு முன்னால் இருந்த பலகையில், மூக்கு அவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தது. வால் அந்தப் பக்கம். பின்பக்கம் தெரிய வேண்டுமென்றால் சலூன்காரர் என்ன செய்வார்? கண்ணாடியைப் பார்ப்பார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். குச்சியை இடது பக்கம் தள்ளினார், கண்ணாடியில் சுக்கான் வலது பக்கம் திரும்பியது. “அடடா, மாறிப் போச்சே” என்று ரிமோட்டில் ஒரு பொத்தானைத் தட்டிச் சுக்கான் திரும்பும் பக்கத்தையே மாற்றிவிட்டார். நம்மைப் பார்த்து நிற்கிற விமானத்துக்கு இடது, நமக்கு வலது. அதை மறந்து, சரியாக இருந்ததைத் தப்பாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

ஞாயிறு காலை சலூன் கதவில் அட்டை தொங்கியது: “இன்று விமானம் பறக்கிறது. தாடியோடு பொறுத்தருளவும்.” பொறுக்காதவர்கள் நேரே மைதானத்துக்கே வந்துவிட்டார்கள். பாதி வளர்ந்த தாடிகளாக ஏழெட்டுப் பேர், முன்னால் தபால்காரர்.

பறப்பதற்கு முன் கேப்டன் சோதிக்க வேண்டும் என்பது விதி. அவர் பிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டே, தன் பக்கம் மூக்கை நீட்டி நின்ற விமானத்தைப் பார்த்து, “லெஃப்ட் காட்டு” என்றார். சுக்கான் அவருடைய இடது பக்கம் திரும்பியது. “சரி, போ.” அவரும் முன்பக்கத்திலிருந்துதான் பார்த்தார். காப்பிக்கு வாழ்த்துகள்.

மனைவி விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்தாள்.

“வீசாத. மெதுவா, ஊசியில நூல் கோக்கற மாதிரி விடு.”

“எடை போட்டவளுக்குத் தெரியாதா? நீங்க கைநடுக்கம் இல்லாம நில்லுங்க.”

விட்டாள். நாற்பத்தெட்டு கிராமும் காற்றில் ஏறியது. முன்விசிறி சுற்றுகிற வேகத்தில் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தது. அவர் வலது பக்கம் குச்சியைத் தள்ளினார். அது இன்னும் இடது பக்கம் சாய்ந்தது. இன்னும் தள்ளினார். இறக்கை செங்குத்தாக நின்று, மூக்கு கீழே விழுந்து, நேரே தாடிக் கூட்டத்தை நோக்கி இறங்கியது.

“என் முடி! என் முடி!” என்று கத்தினார் தபால்காரர்.

அடுத்த நொடி சலூன்காரருக்கு, தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கிருதா எடுக்கப் போய், கை எதிர்ப்பக்கம் போய்க் காதைக் கிழித்தது ஞாபகத்துக்கு வந்தது. இதுவும் அதேதான். நேற்று பார்த்தது கண்ணாடியில். அப்படியென்றால் இப்போது விமானம் கண்ணாடிக்குள் பறக்கிறது.

கண்ணாடிக்குள் என்றால் அவருக்கென்ன பயம்? அவர் யோசிக்கவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கண் கண்ணாடியிலும் கை தலையிலுமாக வாழ்ந்த மனிதர். விரல் தானாக மாறிக்கொண்டது. தாடிகளின் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் இறக்கை நிமிர்ந்தது. எல்லோரும் குனிந்தார்கள், தபால்காரர் மட்டும் அண்ணாந்து தன் முடியைத் தேடினார்.

முதல் வட்டம் கொஞ்சம் கோணல். இரண்டாவது வட்டம் புதுக் கத்திரி போட்ட மாதிரி சுத்தம். விமானம் தன்னை நோக்கி வரும்போதுதான் மற்றவர்களுக்கு இடம் வலம் குழம்பும். அவருக்கு அப்போதுதான் எல்லாம் நேராகத் தெரிந்தது. மோட்டாரை நிறுத்தினார். சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவில், புல்லில் பூனை உட்காருவது போல வந்து உட்கார்ந்தது.

தாடிகள் கை தட்டின. கேப்டன் போய் விமானத்தைப் பின்பக்கமாகத் தூக்கிப் பிடித்து, “லெஃப்ட் காட்டு” என்றார். காட்டினார். சுக்கான் வலது பக்கம் போனது. கேப்டன் முகத்தில் காப்பி நிறம் இறங்கியது.

“என்னய்யா இது, தலைகீழா இருக்கு! இதையா ஓட்டினே?”

“நீங்க பாத்து சரின்னு சொன்னதுதானே சார்.”

“அது கெடக்கட்டும். இப்படி வெச்சுக்கிட்டு என்னாலகூட ஓட்ட முடியாதுய்யா. எப்படி எறக்கினே?”

“இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான் சார் ஓட்டறேன். ஞாயித்துக்கிழமையில முப்பது தல.”

கேப்டன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அட்டையை எடுத்து எழுதினார். விமானத்தின் வகை என்ற இடத்தில் பேனா நின்றது.

“என்னன்னு போட? ரப்பர் பேண்டா?”

“எங்க வீட்டுக்காரர் செஞ்சதுன்னு போடுங்க” என்றாள் மனைவி. “நாப்பத்தெட்டு கிராம். நான் எடை போட்டது.”

அப்படியே எழுதினார். சலூன்காரர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைக்கவில்லை, வெளியே தெரிகிற மாதிரி பாதி நீட்டி வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாத கேப்டனின் பின்னந்தலையைப் பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

“சார், பின்னாடி ஒரு பக்கம் ஏறியிருக்கு. யாரோ கண்ணாடி பாக்காம வெட்டியிருக்காங்க. நாளைக்குக் கடைப் பக்கம் வாங்க.”